இரண்டு முறை மட்டும் கூப்பிட்டவர்

இந்த மலையில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலிலேயே திரும்பிவிடுகிறார்கள். இலங்கையிலிருந்து வந்து தலை நரைத்த பிறகும் எனக்கு இது பழகவில்லை. நேற்றுக்கூடக் குன்னூர் மார்க்கெட்டில் கேரட் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை, பனிமூட்டத்துக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். யார், எந்தப் பக்கம் என்று பார்க்காமலே அவள் "இங்கதானுங்க இருக்கறேன்" என்று கத்தினாள். நான் என்னையறியாமல் குரலை எண்ணத் தொடங்கிவிட்டேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து லயங்களில் இன்னும் இருக்கிற நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பனி இறங்கியிருக்கும்போது வரும் குரலுக்கு நாம் உடனே பதில் சொல்ல மாட்டோம். உயிருள்ள ஆள் மூன்று முறை கூப்பிடுவார். செத்தவருக்கு மூன்றாவது முறைக்கு மூச்சு இருக்காது, இரண்டோடு நின்றுவிடுவார். அந்த இரண்டில் ஒன்றுக்குப் பதில் கொடுத்தவர் அவரோடு போக வேண்டியதுதான். ஞானஸ்நானம் வாங்கி, ஞாயிறு தவறாமல் பூசை கண்ட குடும்பங்கள்தான் நாங்கள். ஆனாலும் இந்த விஷயத்தில் சாமியார் பேச்சு எடுபடவில்லை. அவரையும் மூன்று முறை கூப்பிட வைத்த பிறகுதான் கதவைத் திறந்தோம்.

எங்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது அந்தப் பழக்கத்தோடுதான் கப்பல் ஏறினோம். மண்டபம் முகாமில் சில மாதம் கிடந்து, பிறகு கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் எங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். தபால்காரர் ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். காய்கறி வண்டிக்காரரும் அப்படித்தான். எங்கள் வீட்டு வரிசைக்குச் 'செவிட்டு லைன்' என்று பெயர் விழுந்தது. நாங்கள் லயம் என்று சொல்வதை இங்கே லைன் என்கிறார்கள். அதட்டி வேலை வாங்கும் எங்கள் கங்காணி இங்கே மேஸ்திரி. செடி ஒன்று, கொழுந்து ஒன்று, அட்டை கடித்தால் வரும் அரிப்பும் ஒன்று. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத்தானே வந்தோம் என்று முதலில் நினைத்தேன். அந்த நினைப்பு முதல் மழைக்காலத்தோடு போயிற்று.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். ஓரிடத்தில் நிலைத்து இருந்தவளும் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, கோயம்புத்தூரில் மில், ஒரு கன்னியர் மடத்துக் குசினியில் சமையல் வேலை என்று சுற்றினேன். நடுவில் திருப்பூரில் ஒரு கல்யாணம். அவருக்கு ஏற்கெனவே பெண்சாதி உண்டு என்று தெரிந்த அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். எங்கே போனாலும் கடைசியில் லூர்து வீட்டு அடுப்படிக்குத்தான் திரும்பி வருவேன். லூர்துமேரியும் நானும் ஒரே கப்பலில் வந்தவர்கள். இன்று நான் எழுதுவது அவளைப் பற்றி. எழுதலாம் என்று அவளே சொன்னாள். "ஊர்ல உள்ளவங்களுக்குத் தெரியட்டும், யாருக்காவது ஏதாவது தெரிஞ்சா சொல்லட்டும்" என்றாள்.

லூர்து கப்பல் ஏறியபோது அவளுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். அவள் பெயர் அவளுடைய அப்பாவின் விண்ணப்பத்தில் இந்தியாவுக்கு எழுதப்பட்டிருந்தது. அவள் புருஷன் அந்தோணி இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். கல்யாணம் இரண்டு பேரையும் ஒன்றாக்கிவிட்டது என்று கோயில் சொன்னது, காகிதம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. தலைமன்னாருக்கு ரயில் ஏற்றிவிட அவர் வந்திருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். லூர்து யாரையும் அதட்டி வேலை வாங்குகிறவள். மூட்டைகளை எண்ணிக்கொண்டு, அவரைத் திட்டிக்கொண்டு இருந்தாள். ரயில் நகர்ந்ததும் அவர், "போயிட்டு வாங்க கங்காணியம்மா, பின்னாடியே வந்துருவேன்" என்றார். கங்காணியம்மா என்பது அவர் வைத்த பெயர். வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை, அவளும் விட்டதில்லை. அவள் இங்கே வந்த பிறகு சில காலம் கடிதம் வந்தது. பிறகு நின்றது. பிறகு அங்கே கலவரம் வந்தது. அந்தோணி இருந்த லயம் எரிந்துபோனது என்று அங்கிருந்து வந்த ஒரு ஆள் சொன்னார். ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்டால், எரிந்த பிறகு யாரையும் பார்க்கவில்லை என்றார்.

இங்கே தேயிலைத் தொழிற்சாலையில் மத்தேயு என்று ஒரு ஃபிட்டர் இருந்தார். பெண்சாதி செத்துப்போனவர். சத்தமாகப் பேச மாட்டார், குடிக்க மாட்டார். லூர்து வீட்டுக் கூரைத் தகரம் பறந்தபோது கேட்காமலே வந்து அடித்துக் கொடுத்தவர். அவர் கேட்டார், லூர்து சம்மதித்தாள். பங்குச் சாமியார் சாட்சி விசாரித்து எழுதி அனுப்பி, நெடுநாள் கழித்து ஆயர் இல்லத்திலிருந்து அனுமதி வாங்கிக் கொடுத்தார். அந்தோணி இறந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாமாம். லூர்து அப்படி வைத்துக்கொண்டாள். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர் அதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார் என்று. முதல் ஞாயிறு வாசித்தாயிற்று. இரண்டாவதும் வாசித்தாயிற்று.

அந்த இரண்டாவது ஓலைக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நடந்ததுதான் இது. காலையிலிருந்தே பனி. மத்தியானத்துக்கு முன்னால் தூறல் பிடித்துக்கொண்டது. செடி தெரியாததால் அரை நாளோடு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லூர்து வீட்டில் மூன்று பேர் இருந்தோம். மூன்றாவது ஆள் எஸ்தர். கேத்திக்காரி, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயா. புரொட்டஸ்டண்ட் சபை. கத்தோலிக்கப் பையன் ஒருவனை விரும்பி, அப்பா சம்மதிக்காததால் அவனை விட்டுவிட்டு, வேறு யாரையும் கட்டாமல் இருந்தவள். அன்றைக்கு அவள் கல்யாணச் சட்டைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். நான் அரிசியில் கல் பொறுக்கினேன்.

"ஏனுங்கக்கா, ரெண்டாங் கல்யாணத்துக்கும் வெள்ளைதானா? உங்க சாமியாரு ஒண்ணுஞ் சொல்லமாட்டாருங்களா?"

"தைக்கிறதத் தை புள்ள" என்றாள் லூர்து. "மாதாத் தாயில்லாத சபைக்காரிக்கு என்னாத்துக்கு இந்தக் கேள்வி எல்லாம்?"

"எங்க சபையில தாயி இல்லீங்க. உங்க கோயில்ல சொரூபத்துக்கு நடுவால மனுசன் நிக்க எடமில்லீங்க."

லூர்து சிரித்தாள். அவள் சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். "தேத்தண்ணி குடிக்கிறியா?" என்று எழுந்தாள். அப்போதுதான் வெளியே, வீட்டுக்குப் பின்னால் மேட்டில், தேயிலைக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

"கங்காணியம்மா."

சத்தம் போட்ட குரல் அல்ல. பக்கத்து அறையில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. பனிக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது, பஞ்சுக்குள் பேசுவது போல இருக்கும். ஆனால் அந்தச் சொல் தெளிவாக வந்தது. இந்த மலையில் யாரும் புழங்காத சொல். லூர்து அடுப்பருகே அப்படியே நின்றாள். எனக்கு மடியிலிருந்த சுளகு சரிந்து அரிசி கொட்டியது.

எஸ்தர்தான் எழுந்தாள். அவளுக்கு என்ன தெரியும், இந்த ஊர்ப் பெண். "யாரோ கூப்படறாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, "யாரு..." என்று வாயைத் திறந்தாள். லூர்து பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"கூப்புட்டா ஏன்னு கேக்கோணுமுல்லீங்க" என்று எஸ்தர் கைக்குள்ளேயே முனகினாள்.

"சும்மா இரு. ஒண்ணுதான் ஆச்சு."

தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிறகு மறுபடியும், "கங்காணியம்மா" என்று அதே குரல். அதே தூரம். லூர்துவின் இன்னொரு கை கதவுத் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள். மூன்றாவது குரல் வந்தால் திறந்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. வந்தால் உயிருள்ள மனிதர். கல்யாணம் இல்லை, மத்தேயு இல்லை, தைத்த வெள்ளைச் சட்டை பெட்டிக்குள் போக வேண்டியதுதான். அவள் முகத்தைப் பார்த்தேன். வர வேண்டும் என்று நினைக்கிறாளா, வரக்கூடாது என்று நினைக்கிறாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பொங்கி நெருப்பை அணைத்தது. மூன்றாவது குரல் வரவில்லை. லயத்து நாய் அந்நியரைக் கண்டால் விடாது. அது திண்டில் சுருண்டு படுத்திருந்தது, ஒரு முறைகூடக் குரைக்கவில்லை.

"ரெண்டோட நின்னுருச்சு" என்று நான் சொன்னேன். "போயிட்டாரு லூர்து. எப்பயோ போயிட்டாரு."

லூர்து சிலுவை போட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு நிம்மதிதான் வந்தது. ஆயர் இல்லம் 'வைத்துக்கொள்ளலாம்' என்று சொன்னதை, நம்மூர் வழக்கம் நிச்சயமாகச் சொல்லிவிட்டது. ஆனால் எஸ்தருக்கு இதெல்லாம் பேய்க் கதை. எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்து, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து, "அக்கா, இங்க வாங்க" என்றாள். ஒரே ஒரு முறை. குரல் அடையாளம் தெரிந்ததால் போனோம்.

அங்கே தேயிலைக்கு நடுவில் ஒரு தட்டையான பாறை உண்டு. மேலே மரம் கிடையாது. தூறலில் பாறை முழுக்கக் கறுத்து நனைந்திருந்தது. நடுவில் மட்டும், ஒரு ஆள் உட்கார்ந்தால் மறைக்கிற அளவுக்கு, வெளுத்துக் காய்ந்திருந்தது.

"ஆளு ஒக்காந்திருந்திருக்காங்கக்கா. இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்காங்க."

தூறல் மத்தியானத்துக்கு முன்னாலேயே பிடித்துவிட்டது. அப்படியானால் அதற்கும் முன்னால் வந்து உட்கார்ந்தவர். அத்தனை நேரமும் நனைந்துகொண்டு அங்கேயே இருந்திருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் லூர்து வீட்டுக் கூரை காலடியில் இருந்தது. சன்னல் வழியாக உள்ளே பேசுவது கேட்கும். வெள்ளைச் சட்டைப் பேச்சும், அவள் சிரித்ததும் கேட்டிருக்கும். லூர்து பாறையைத் தொடவில்லை. அந்தக் காய்ந்த இடத்தில் தூறல் புள்ளி புள்ளியாக விழுந்து, ஓரத்திலிருந்து சுருங்கி, கடைசியில் முழுதும் நனைந்து மற்றப் பாறையோடு பாறையாகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "அவருக்குத் தெரியும்" என்றாள். "எத்தன தரம் கூப்புடணும்னு அவருக்குத் தெரியாதா?"

அவள் சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு வீடு திரும்பும் வரை ஆனது. மூன்று முறை கூப்பிட்டிருந்தால் அவள் வந்திருப்பாள். அதனால்தான் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். அவள் அவரைச் செத்தவராக வைத்துக்கொள்ளட்டும் என்று.

மறுநாள் நான் பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் விசாரித்தேன். வெளியூர் ஆள் யாரும் எந்த பஸ்ஸிலும் இறங்கவில்லை, ஏறவுமில்லை என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். அந்தப் பனியில் காட்டு வழியாக நடந்து வர யாராலும் முடியாது, காட்டெருமை நிற்கும். அதனால் இன்றுவரை எனக்கு இரண்டு கணக்கும் சரியாக வரவில்லை. நாய் குரைக்கவில்லை, பஸ்ஸில் ஆள் இல்லை. ஆனால் ஆவி உட்கார்ந்து கல் காயுமா?

எஸ்தருக்குச் சந்தேகமே இல்லை. "உசுரோட இருக்கறாருன்னு தெரிஞ்சுபோட்டு கல்யாணம் பண்ணுனா அது விபசாரமுங்கக்கா. கர்த்தருக்கு முன்னால நாம மூணு பேரும் சாட்சிங்க" என்றாள். லூர்து கோபப்படவில்லை. "ஒனக்குச் சொல்லணும்னு இருந்தா ஞாயித்துக்கெழம வந்து சொல்லு. நான் ஒன் மேல வருத்தப்பட மாட்டேன்" என்றாள். அவளாகச் சாமியாரிடம் போகவில்லை. அந்தோணி கொடுத்துவிட்டுப் போனதைத் தூக்கி எறிய மனசு வரவில்லை என்று பிற்பாடு சொன்னாள். மத்தேயுவைப் பிடித்திருந்தது என்றும் சொன்னாள். இரண்டும் உண்மை.

மூன்றாவது ஞாயிறு எஸ்தர் தன் சபைக்குப் போகாமல் எங்கள் கோயிலுக்கு வந்து நடு வரிசையில் உட்கார்ந்தாள். எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல், எல்லாரும் உட்கார்ந்த பிறகு எழுவதும், எழுந்த பிறகு உட்காருவதுமாக இருந்தாள். முன் வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சாமியார் ஓலை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்தார். எஸ்தர் எழுந்து நின்றாள்.

லூர்து தலையைக் குனிந்துகொண்டாள். சாமியார் நிமிர்ந்து பார்த்தார். பாவம், வேறு சபைப் பெண், முறை தெரியவில்லை என்று நினைத்திருக்கிறார். லேசாகப் புன்னகைத்து, உட்காரம்மா என்று கையைக் காட்டினார். எஸ்தர் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் அவளிடம் கேட்டேன். "சொல்லத்தானுங்க எந்திரிச்சேன். சாமியாரு உக்காருன்னு கை காட்டுனாரு. அது அவரு கையா, கர்த்தர் கையான்னு தெரியலீங்க. உக்காந்துட்டேன்" என்றாள்.

கல்யாணம் நடந்தது. லூர்து நன்றாக வாழ்ந்தாள் என்றே சொல்ல வேண்டும். ஆனால் கல்யாணத்தன்று பூசையில் நன்மை அப்பம் வாங்கியதுதான் கடைசி. அதற்குப் பிறகு பூசைக்குப் போவாள், பாட்டெல்லாம் பாடுவாள், எல்லாரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். நன்மை வாங்கப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அதில் இதைச் சாமியாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் மத்தேயுவை விட்டுப் பிரிய வேண்டும். அவள் இரண்டையும் செய்யவில்லை. மத்தேயுவிடம் ஏதோ நேர்ச்சை என்று சொல்லி வைத்தாள். சில வருஷம் அவர் மட்டும் எழுந்து போய் வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு கிறிஸ்மஸ் பூசையில் அவரும் எழவில்லை. "ஏன், போகலையா?" என்று அவள் கேட்டதற்கு, "நீ தனியா உக்காந்திருக்கிறியே" என்றாராம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு ஏதாவது தெரியுமா என்று லூர்துவுக்குக் கடைசிவரை தெரியாது. பனிக்காலத்தில் அவர் வேலை முடிந்து வரும்போது, முற்றத்திலேயே நின்று அவளை மூன்று முறை கூப்பிடுவார். அவர் மேட்டுப்பாளையத்துக்காரர், அந்தப் பழக்கம் அவர் ஊரில் கிடையாது. யாரிடம் கற்றார் என்று நான் கேட்கவில்லை.

போன வருஷம் மத்தேயு இறந்தார். அடக்கம் முடிந்த மறு வாரம் லூர்து பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனாள். உள்ளே நெடுநேரம் இருந்தாள். வெளியே வந்தவளிடம் சாமியார் என்ன சொன்னார் என்று கேட்டேன். "சின்னப் பையன், அழுதுட்டாரு. இறந்த என் வீட்டுக்காரருக்காகச் செபமால சொல்லச் சொன்னாரு. எந்த வீட்டுக்காரர்னு நான் கேக்கல" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்கு முன்பே பழைய லயத்துக்குப் பின்னால் அந்த மேட்டுக்கு அவள்தான் என்னைக் கூட்டிப்போனாள். லயத்தில் இப்போது வடநாட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொழுந்து பறிக்க வந்தவர்கள், அவர்கள் பேச்சு நமக்குப் புரியவில்லை. சன்னல் வழியாக அவர்களில் ஒருத்தி சிரிப்பது கேட்டது. நாங்கள் பாறையில் உட்கார்ந்தோம். பனி வந்து கூரையை மறைத்தது, பிறகு செடியை, பிறகு எங்கள் கால்களை. தூறல் பிடித்தது. எழுந்திருக்கச் சொன்னேன், கேட்கவில்லை.

புருஷன் பெயரைச் சொல்லாத தலைமுறை நாங்கள். அவள் பனியைப் பார்த்து, "இந்தாங்க" என்றாள். பக்கத்து அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "இந்தாங்க" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். மேலே எங்கோ ஒரு கிளை முறிகிற சத்தம் கேட்டது. காட்டெருமையாக இருக்கலாம்.

"இன்னொரு தரம் கூப்புடு" என்றேன்.

"வந்துட்டாருன்னா?" என்றாள் லூர்து. "எந்த வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறது?"

எழுந்தோம். நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் பாறையில் காய்ந்து வெளுத்திருந்தது, இரண்டு ஆள் அளவுக்கு. அதன் மேல் தூறல் விழத் தொடங்கியது. அப்போது கீழே பனிக்குள்ளிருந்து யாரோ எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்களைத் தேடிக்கொண்டு எஸ்தர் வந்திருப்பாள். அவள் இந்த ஊர்க்காரி, எப்போதும் ஒரு முறைதான் கூப்பிடுவாள், இரண்டாவது வந்தால் அது அவள் இல்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் நாங்கள் பதில் சொல்லவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, அந்தக் காய்ந்த இடம் நனைவதைப் பார்த்தபடி, இரண்டாவது குரலுக்காக நின்றோம்.